வானவில் மலைக்கு வழி சொன்னீர்கள், உயரம் சொல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பெரு நாட்டின் வானவில் மலையைப் பற்றி வெளிவந்த பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. குஸ்கோ நகரத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டு, வழிகாட்டியுடன் நடந்து மலையைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே விடுதிக்குத் திரும்பிவிடலாம் என்றும், நடக்க இயலாதவர்களுக்குக் குதிரை உண்டு என்றும் எழுதியிருந்ததில் பிழை ஏதுமில்லை. ஆனால் அந்த மலை கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற செய்தி மட்டும் முக்கால் பக்கக் கட்டுரையில் எங்கும் இல்லை. அதே பக்கத்தின் அடியில் இருந்த தென் அமெரிக்கச் சுற்றுலா விளம்பரத்திலும் இல்லை. சென்ற ஆண்டு ஜூன் மாதம் அந்த மலைக்குப் போய், உச்சியை எட்டாமல் பாதி வழியில் திரும்பியவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மலையின் பெயர் வினிகுன்கா. ஆண்டிஸ் மலைத்தொடரில், 6,300 மீட்டருக்கும் மேலே பனி போர்த்தி நிற்கும் அவுசங்காத்தே சிகரத்துக்கு அருகே இருக்கிறது. அதன் உயரமாகப் பொதுவாகக் குறிக்கப்படுவது 5,036 மீட்டர். காரைக்குடி கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர்கூட இல்லை. நம் மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதன் தலைமேல் 2,133 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலைத் தூக்கி வைத்தாலும் வானவில் மலையை எட்ட இன்னும் 266 மீட்டர் குறையும். நடை தொடங்கும் இடமே ஏறத்தாழ 4,600 மீட்டர். இரவு தங்கும் குஸ்கோ 3,400 மீட்டர். தலைநகர் லிமாவின் கடற்கரையில் காலைப் பலகாரம் சாப்பிட்டவரை விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் தொட்டபெட்டாவைவிட முக்கால் கிலோமீட்டர் உயரமான ஊரில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. மலையேற்றம் அந்த விமான நிலையத்திலேயே தொடங்கிவிட்டது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு, சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் காரைக்குடியில் ஒரு விடுதி அரங்கில் எங்களை அழைத்துப் பேசினார்கள். நாங்கள் 24 பேர். பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள். நாலைந்து பேர் கடையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு ஊர் பார்க்கக் கிளம்பியவர்கள். குளிர் உடை, காலணி, உடன் வரும் தமிழ்ச் சமையல்காரர் என்று எல்லாம் விரிவாகப் பேசப்பட்டன. வானவில் மலையில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்று ஒருவர் கேட்டபோது, போக நாலு கிலோமீட்டர், வர நாலு கிலோமீட்டர் என்று சொன்ன ஏற்பாட்டாளர், "பழனிக்கு நடக்கிறவுகளுக்கு இதெல்லாம் ஒரு நடையா?" என்று கேட்டுச் சிரித்தார். அரங்கமே சிரித்தது. செட்டிநாட்டில் இதைவிடப் பொருத்தமான விற்பனைப் பேச்சு கிடையாது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு கிளம்பி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நாள்கணக்கில் வெறுங்காலுடன் நடந்து பழனி சேர்கிறவர்கள் அந்த அரங்கில் பாதிப்பேர் இருந்தார்கள். 63 வயதான என் மைத்துனர் 22 முறை நடந்தவர். நானும் சேர்ந்து சிரித்தேன். 31 ஆண்டுகள் பள்ளியில் புவியியல் நடத்தி, உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறையும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவன், அன்று கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. நடந்த தவறில் எனக்கும் பங்குண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

குஸ்கோ விடுதியில் பெட்டியைத் திறந்த என் மனைவி, வீட்டில் செய்து பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் ஒட்டிக் கொண்டுவந்திருந்த சீப்புச் சீடைப் பொட்டலங்கள் தலையணைபோல் உப்பி விறைத்திருப்பதைக் கண்டு, கெட்டுப்போய்விட்டதோ என்று பதறினார். ஊசியால் ஒன்றைக் குத்தினார். புஸ்ஸென்று காற்று இறங்கியது. சீடை மொறுமொறுவென்றுதான் இருந்தது. காரைக்குடிக் காற்றை உள்ளே வைத்து ஒட்டிய உறை அது. வெளியே அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதால் உள்ளே இருந்த காற்று விரிந்துகொண்டது. அன்றிரவு சோறு நறுக்கரிசியாக இருந்தது. அந்த உயரத்தில் தண்ணீர் 89 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசி எளிதில் வேகாது. நாங்கள் சமையல்காரரைக் கடிந்துகொண்டோம். பொட்டலமும் பானையும் இருந்த அதே காற்றில்தான் எங்கள் நுரையீரலும் இருந்தது என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

மைத்துனருக்கு முதல் இரவே தலைவலி, தூக்கமும் இல்லை. மறுநாள் சக்சய்வமான் என்னும் இன்கா காலத்துக் கற்கோட்டையைச் சுற்றிப் பார்த்தபோது மதியச் சாப்பாட்டை ஒதுக்கிவைத்தார். "ஒண்ணுமில்ல அத்தான், வந்த அன்னைக்கே தலைக்குக் குளிச்சது சேரல" என்றார். தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டதும் வலி தணிந்தது. இரவில் மறுபடி வந்தது, மறுபடி மாத்திரை. இதையெல்லாம் பின்னால்தான் கூட்டிப் பார்த்தோம். தலைவலி, பசியின்மை, குமட்டல், தூக்கமின்மை, காரணமில்லாத அயர்ச்சி ஆகியவை உயர நோயின் தொடக்க அறிகுறிகள்; அந்நாட்டார் இதைச் சொரோச்சே என்கிறார்கள். இந்த அறிகுறிகள் இருக்கும்போது அதற்கு மேலே ஏறக்கூடாது, அவை நீங்கும்வரை அதே உயரத்தில் தங்க வேண்டும், முற்றினால் இறங்க வேண்டும் என்பதே மலை மருத்துவத்தின் முதல் விதி. மாத்திரையால் வலியை அமுக்கிவிட்டு மூன்றாம் நாள் அதிகாலை 3 மணிக்கு வண்டி ஏறியபோது, அந்த விதியைத்தான் நாங்கள் மீறினோம்.

இருளில் மூன்று மணி நேரப் பயணம். குசிபாத்தா என்ற ஊரைக் கடந்து மலைப்பாதையில் ஏறியதும் ஒரு வீட்டில் ரொட்டியும் முட்டையும் கோக்கா இலை போட்ட தேநீரும் கொடுத்தார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: கோக்கா தேநீர் அங்கே விடுதி வரவேற்பறையிலேயே வைத்திருக்கும் சாதாரணப் பானம், ஆனால் கோக்கா இலை நம் நாட்டின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் வருவது. ஊரில் கொடுக்கலாம் என்று தேநீர்ப் பொட்டலங்களைப் பெட்டியில் எடுத்துவைத்த எங்கள் குழுவினர் ஒருவரை வழிகாட்டிதான் தடுத்தார். அந்தத் தேநீர் இதமாக இருந்தது என்பது உண்மை. அது நோயைத் தீர்க்கும் மருந்து அன்று.

அந்த வழிகாட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முப்பது வயது மதிக்கத்தக்க பெண். கெச்சுவா தாய்மொழி, ஸ்பானிஷும் ஆங்கிலமும் சரளம். முதுகுப் பையில் சிறிய ஆக்ஸிஜன் உருளை வைத்திருந்தார். கொடி பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பவரே வழிகாட்டி என்று நினைத்திருந்த எங்களுக்கு, அவர் உதவியாளரை முன்னே அனுப்பிவிட்டுக் கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்தது முதலில் விளங்கவில்லை. அல்பாக்காக்கள் மேயும் வெளியையும், வண்ணச் சேலைபோல் அடுக்கடுக்கான பாவாடையும் தொப்பியும் அணிந்து குதிரைகளை நடத்திச் செல்லும் உள்ளூர்ப் பெண்களையும் நாங்கள் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் எங்கள் காலடிகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பாதி வழியில், மேடுபள்ளம் இல்லாத இடத்தில், மைத்துனர் தடுமாறினார். கல் இடறியது என்றார். வழிகாட்டி தம் ஊன்றுகோலின் நுனியால் அந்தச் செம்மண்ணில் பத்தடி நீளத்துக்கு ஒரு நேர்கோடு கிழித்தார். ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் பெருவிரலோடு ஒட்டவைத்துக் கோட்டின்மேல் நடக்க வேண்டும் என்று சொல்லி, முதலில் தாமே நடந்து காட்டினார். மைத்துனர் விளையாட்டாகத்தான் தொடங்கினார். மூன்றாம் அடியில் இடப்பக்கம் சாய்ந்தார். திரும்பிவந்து மறுபடி தொடங்கினார். அதே மூன்றாம் அடி. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. தன் காலையே யாரோ மாற்றி வைத்துவிட்டதுபோலக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்களுடன் வந்த சுற்றுலா மேலாளர், இன்னும் ஒரு மணி நேரம்தானே, குதிரையில் ஏற்றி மேலே கொண்டுபோய் ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம், ஆக்ஸிஜன்தான் கையில் இருக்கிறதே என்று வாதாடினார். அவர் கெட்டவர் அல்லர். 24 பேருக்கும் உச்சியைக் காட்டிவிட வேண்டும் என்பது அவருக்கிட்ட வேலை. வழிகாட்டி குரலை உயர்த்தாமல், உடனே கீழே இறங்க வேண்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நேர்கோட்டில் நடக்க முடியாமல் போவது, உயரத்தினால் மூளையில் வீக்கம் தொடங்குவதன் அடையாளமாக இருக்கலாம் என்பதையும், கவனிக்காவிட்டால் அது உயிருக்கே ஆபத்தாகும் என்பதையும் பிற்பாடு குஸ்கோ மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும் அதேபோல் ஆபத்தான அறிகுறி. அது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதைக் காட்டலாம். ஆக்ஸிஜன் உருளை இறங்கும்வரை தாங்கிப் பிடிக்க உதவுமே தவிர, மேலே ஏறுவதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

"ஆச்சிகூட நீங்க மேல போங்க அத்தான், நா கீழ உக்காந்திருக்கேன்" என்றார் மைத்துனர்; ஆச்சி என்றது அவருக்கு அக்காளான என் மனைவியை. நான் போகவில்லை. அவரைக் குதிரையில் ஏற்றி, வழிகாட்டி ஏற்பாடு செய்த வேறொரு வண்டியில் இறக்கினோம். ஆற்றங்கரைச் சாலையை அடைந்தபோது பசிக்கிறது என்றார். இரண்டு நாளாக அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டிருக்கவில்லை. குஸ்கோவில் ஒரு மருத்துவமனையில் ஓரிரவு வைத்திருந்து அனுப்பினார்கள்.

இனி என் மனைவியைப் பற்றி. முழங்கால் வலிக்காரர், குன்றக்குடிப் படிகளையே இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் ஏறுவார், பழனிக்கு ஒருமுறைகூட நடந்ததில்லை. அவர் குதிரையில் முன்னே போய்விட்டிருந்தார். குதிரை கடைசி ஏற்றத்துக்குக் கீழேயே நின்றுவிடும். அதற்கு மேல் எல்லோரும் நடந்துதான் ஆக வேண்டும். பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று முக்கால் மணி நேரத்தில் உச்சியை எட்டிவிட்டார். தலைவலிகூட இல்லை. ஒரே வீட்டில் பிறந்த அக்காளுக்கும் தம்பிக்கும் இவ்வளவு வேறுபாடு. உயர நோய் காலின் வலுவையோ உடற்பயிற்சியையோ பார்த்து வருவதில்லை என்று மருத்துவர்கள் சொல்வதற்கு எங்கள் குடும்பத்திலேயே சான்று கிடைத்தது. நல்ல நடைக்காரருக்கு ஒருவகையில் ஆபத்து கூடுதல் என்றுகூடச் சொல்வேன். அவர் வேகமாக நடக்கிறார், களைப்பை ஒத்துக்கொள்வதில்லை.

மலை எப்படி இருந்தது என்று கேட்டதற்கு என் மனைவி சொன்ன விடையைத் தங்கள் கட்டுரையாளருக்கும் தெரிவிக்க விரும்புகிறேன். "படத்துல இருக்க மாதிரி பளபளன்னு இல்ல. நம்ம ஆத்தங்குடிப் பட்டறையில கண்ணாடி மேல கலர் ஊத்துன மாதிரி இருக்கு" என்றார். ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் கல் வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதன் அறைகளுக்குள் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். சட்டத்தைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் ஓரத்தில் மட்டும் இலேசாக இழையும். வினிகுன்காவின் பட்டைகள் அப்படித்தான் இருக்கின்றனவாம். உவமை தற்செயலானது அன்று. ஆத்தங்குடிக் கல்லின் சிவப்புக்குக் காரணமான இரும்பு ஆக்சைடுதான் அந்த மலையின் சிவப்புக்கும் காரணம். மஞ்சள், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமங்களால் வருவது. பச்சை, குளோரைட்டு என்னும் கனிமத்தால். வெளுப்பு, குவார்ட்சு மிகுந்த மணற்கல்லாலும் சுண்ணாம்புச் சத்தாலும். பல காலங்களில் கிடைமட்டமாகப் படிந்த அடுக்குகள், தென் அமெரிக்க நிலத்தட்டின் அடியில் நாஸ்கா தட்டு நுழைந்து ஆண்டிஸ் உயர்ந்தபோது சாய்ந்து எழும்பி, இன்று தம் விளிம்பைக் காட்டி நிற்கின்றன. மென்பொருளில் நிறத்தை ஏற்றாமல் இதை அப்படியே அச்சிட்டாலே போதும் என்பது என் எண்ணம். மே முதல் செப்டம்பர் வரையிலான மழையற்ற பருவத்திலும், முந்திய இரவில் பனி விழுந்துவிட்டால் நிறம் எதுவும் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் எழுதுவது யாரும் போக வேண்டாம் என்று தடுப்பதற்காக அன்று. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்களின் ஊர் இது. போகாதே என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. எங்கள் பயணத் திட்டத்தில் நாள் கூட்டாமல், செலவு கூட்டாமல், வரிசையை மட்டும் மாற்றியிருந்தாலே போதும். குஸ்கோவில் விமானம் இறங்கியதும் அங்கே தங்காமல் வண்டியேறி உருபம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடலாம். அங்கே ஒய்யான்தாய்தம்போ ஊர் 2,800 மீட்டரை ஒட்டியது. அங்கே இரண்டு இரவு தங்கி, 2,430 மீட்டரில் இருக்கும் இன்கா நகரமான மச்சு பிச்சுவைப் பார்த்துவிட்டுக் குஸ்கோவுக்கு ஏறி, அங்கும் ஓரிரு நாள் கழித்து, கடைசியாக வானவில் மலையை வைத்திருக்கலாம். உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளும். எங்கள் திட்டத்தில் மலை முதலில், மச்சு பிச்சு கடைசியில். விடுதி அறை கிடைத்த வரிசைப்படி நாள்கள் அடுக்கப்பட்டிருந்தன. நடை அதிகம் என்று அஞ்சுகிறவர்களைச் சில ஏற்பாட்டாளர்கள் பால்கோயோ என்ற மற்றொரு வண்ண மலைக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே நடை குறைவு, சரிவும் மிதம். ஆனால் அதுவும் 4,900 மீட்டர். கால் நோகாதே தவிர, காற்று அங்கேயும் பாதிதான்.

பாதி என்று நான் சொல்வது அலங்காரத்துக்கு அன்று. காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு எங்கும் 21 விழுக்காடுதான். ஆனால் 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி என்பதால், ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்ஸிஜனும் பாதியாகிவிடுகிறது. இரத்த அழுத்தம், இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் எண்ணிக்கையோடு சொல்லிக் கேட்க வேண்டும். வெளிநாடு போகிறேன் என்று சொன்னால் அவர் தடுப்பூசியைப் பற்றித்தான் பேசுவார். 5,000 மீட்டர் என்று சொன்னால்தான் வேறு கேள்விகள் கேட்பார். அசெட்டசோலமைடு என்ற தடுப்பு மாத்திரை தேவையா என்பதை அவரே முடிவு செய்யட்டும். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிப்பது அவசியம். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரையோ மதுவோ எடுத்துக்கொள்வது மூச்சை மேலும் தாழ்த்தும்.

அமர்நாத் குகை 3,888 மீட்டர். அங்கே போக மருத்துவச் சான்று கட்டாயம். சான்று இல்லாதவருக்குப் பதிவே கிடையாது. அரசு நடத்தும் கைலாய மானசரோவர் யாத்திரைக்கு டெல்லியில் மருத்துவப் பரிசோதனை செய்து, தேறாதவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். அமர்நாத்தைவிட 1,100 மீட்டருக்கு மேல் உயரமான ஓரிடத்துக்கு எங்கள் 24 பேரையும் ஒருவர்கூட இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்காமல் அழைத்துப் போனார்கள். பக்திக்கு ஒரு விதி, சுற்றுலாவுக்கு ஒரு விதி என்று உடம்புக்குத் தெரியாது.

மைத்துனர் ஏன் மறைத்தார் என்பதற்கும் விடை வேண்டும். பாதிக் காரணம் அந்த அரங்கத்துச் சிரிப்பு. மற்றப் பாதி, ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரி: எந்த இடத்துக்கு வராமல் இருந்தாலும் அதற்கான தொகை திருப்பித் தரப்படமாட்டாது. கொடுத்த பணத்துக்குப் பார்த்துவிட வேண்டும் என்ற கணக்கு எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தலைவலி என்று சொன்னால் நாள் முழுவதும் விடுதி அறையில் தனியாகக் கிடக்க வேண்டும், பணமும் போகும். ஏறாதவர்களுக்கு அன்று குஸ்கோவிலேயே பார்க்க ஏதேனும் ஏற்பாடு செய்து, ஒருவர் துணைக்கு நிற்பார் என்றிருந்தால், அவர் முதல் நாளே வாய் திறந்திருப்பார். மலையில் வழிகாட்டி திரும்பச் சொன்னால் திரும்ப வேண்டும், அதில் மேலாளர் தலையிட முடியாது என்பதும் அதே ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். அன்று அந்தப் பெண் பணியாமல் நின்றது அவருடைய துணிவு. எல்லா வழிகாட்டிக்கும் அது வாய்க்கும் என்று நம்பிப் பயணம் போக முடியாது.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். இனி மலைப் பயணங்களைப் பற்றிக் கட்டுரை வெளியிடும்போது, ஏறும் உயரம், முந்திய இரவு தூங்கும் உயரம் ஆகிய இரண்டு எண்களைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே அச்சிடுங்கள். சுற்றுலா விளம்பரம் தருகிறவர்களிடமும் அதைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். பேருந்துக்கு ஏசி உண்டு என்று சொல்ல விளம்பரத்தில் இடம் இருக்கிறது, இதற்கும் இருக்கும்.

இக்கடிதத்தை அனுப்புமுன் மைத்துனரிடம் படிக்கக் கொடுத்தேன். கோட்டில் நடந்த பகுதியை எடுத்துவிடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. பழனி நடை 22 என்பது பயணத்துக்கு முந்திய கணக்கு, திரும்பி வந்தபின் இந்தத் தைப்பூசத்துக்கும் நடந்ததைச் சேர்த்து 23 என்று போடச் சொன்னார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி.